அரசாங்கத்தின் நிரந்தர வாடிக்கையாளர்

அரசாங்கத்துக்கு ஞாபக சக்தி இல்லை என்று யார் சொன்னது? சொன்னவர்கள் பெங்களூர் நீலசந்திராவுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். விதவைப் பென்ஷனுக்குக் கொடுத்த மனுவை அது மறந்துவிடும். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கக் கொடுத்த காகிதத்தை மறந்துவிடும். சாக்கடை தூர்வாருவதாகச் சொன்னதை, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடிந்துபோன பிறகும் ஞாபகப்படுத்திக்கொள்ளாது. ஆனால் பத்து கிராம் கஞ்சாவோடு ஒரு தடவை பிடிபட்ட பையனை மட்டும் அது மறக்கவே மறக்காது. அவனுடைய கைரேகை அதனிடம் இருக்கிறது. போட்டோ இருக்கிறது. அப்பன் பேர், பட்டப் பேர், சிநேகிதர்கள் பேர் எல்லாம் இருக்கிறது. அவன் சிறுநீரைக்கூட ஒரு டப்பாவில் பிடித்து, சீல் வைத்து, சோதனைக்கு அனுப்பியிருக்கிறது.

நல்ல மளிகைக் கடைக்காரர் தன் வாடிக்கையாளரை இப்படித்தான் ஞாபகம் வைத்திருப்பார். திரும்பத் திரும்ப வருகிறவர்களால்தானே கடை ஓடுகிறது!

ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பேர் வேண்டாம், அது ஏற்கெனவே போதுமான எஃப்.ஐ.ஆர்.களில் இருக்கிறது. நீலசந்திரா பஜார் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஏதோ ஒன்றில் பத்துக்குப் பத்து ரூம், ஷீட் போட்ட கூரை, பொதுக் கக்கூஸ். அம்மா விடிகாலையில் கோரமங்களாவுக்கு நடந்துபோய் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவாள். அப்பா பெயின்டர். பெயின்ட் வேலை இல்லாத நாளெல்லாம் அவருக்கு பாரில் வேலை. அந்த வேலையை மட்டும் அரசாங்கம் தடுக்காது. காரணம் பிறகு வருகிறது. பையன் எட்டாவதோடு நின்றான். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மோந்ததில் ஆரம்பித்து, கஞ்சாவுக்கு வந்து, இப்போது வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இடத்தில் நிற்கிறான். அவன் வியாபாரி இல்லை. வியாபாரியிடம் கடன் வைத்திருப்பவன். கடன் கழிய நாலு பொட்டலத்தைக் கைமாற்றிக் கொடுப்பவன். கேஸ் எழுதும்போது அந்த நாலு பொட்டலம் அவனைப் 'பெட்லர்' ஆக்கிவிடும்.

ராத்திரி பத்து மணி. போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி சந்து முனையில் வந்து நிற்கிறது. மற்ற பையன்கள் சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறார்கள். இவன் ஓடவில்லை, ஓடுகிற நிலையில் இல்லை. டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுகிறது.

"ஏனோ, மத்தே நீனா?"

"பிட்பிடி சார். இவத்து ஏனும் இல்ல சார்."

"பாக்கெட்டை எடு."

ஒரு தீப்பெட்டி, ஒரு சின்னப் பொட்டலம், இருபது ரூபாய்.

"ஹத்து வண்டி."

அவனும் பேசாமல் ஏறி, தனக்குப் பழக்கமான மூலையில் உட்கார்ந்துகொள்கிறான். இரண்டு பக்கமும் கோபம் இல்லை, ஆச்சரியம் இல்லை. காலையில் ஸ்டேஷன் போர்டில் ஒரு எண் கூடியிருக்கும். மாதக் கடைசியில் மேலதிகாரி கேட்கும்போது சொல்ல அந்த எண் வேண்டும். ஆந்திரா எல்லையில் லாரியில் வரும் சரக்கைப் பிடிக்கத் துப்பு வேண்டும், ஆள் வேண்டும், அசலூர் போலீஸோடு சண்டை போட வேண்டும். நீலசந்திராவில் எண்ணைக் கூட்டுவதற்கு டார்ச் லைட் போதும்.

அந்த எண்ணின் மகிமையைப் பாருங்கள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-இல், நாடு முழுக்கப் போதைப்பொருள் சட்டத்தில் பதிவான வழக்குகள் 59,806 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 33,246 வழக்குகள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததற்காகப் போட்டவை. கடத்தல்காரனை ஒழிக்க வந்த சட்டம் என்று 1985-இல் பார்லிமென்டில் கைதட்டி நிறைவேற்றிய சட்டம், பாதிக்கு மேல் புகைக்கிறவனையும் ஊசி போட்டுக்கொள்கிறவனையும் துரத்திக்கொண்டிருக்கிறது. திமிங்கில வேட்டைக்கென்று வாங்கிய கப்பல் குட்டையில் அயிரை மீன் பிடிக்கிறது. பிடித்ததை எடை போடாமல் எண்ணிக் கணக்குக் காட்டுகிறது.

சட்டத்தின் கணக்கில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு', ஹெராயினுக்கு 5 கிராம். சிறிய அளவு கஞ்சா வைத்திருந்தால் அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகைத்தது மட்டும் நிரூபணமானால் 27-ஆம் பிரிவில் ஆறு மாதம். முதல் தடவை தண்டனை வாங்கியவன் மறுபடி அகப்பட்டால் 31-ஆம் பிரிவு காத்திருக்கிறது: உச்சபட்ச தண்டனை ஒன்றரை மடங்கு. நோய் முற்ற முற்ற மருந்தைக் கூட்டுவது டாக்டர்களின் வழக்கம். இங்கே நோய் முற்ற முற்ற அடியைக் கூட்டுகிறார்கள். ஊசிப் பழக்கம் என்பது திரும்பத் திரும்ப விழுந்து எழும் வியாதி என்று உலகத்து வைத்தியமெல்லாம் சொல்கிறது. திரும்ப விழுவதையே தனிக் குற்றமாக்கி, அதற்கு ஒன்றரை மடங்கு போட்ட மூளைக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டாமா?

அடுத்து கோர்ட்டு. ஜாமீன் கிடைத்துவிடும், சின்னக் கேஸ்தானே என்பார் வக்கீல். கிடைக்கிறது. ஆனால் ஷூரிட்டி போட ஆள் வேண்டும். ஆளுக்குச் சொத்து வேண்டும். சொத்துக்குப் பத்திரம் வேண்டும். வாடகை ரூமில் இருக்கிற அம்மாவிடம் ஏது பத்திரம்? அவளிடம் இருப்பது அட்வான்ஸ் கொடுத்ததற்கு வீட்டுக்காரர் நோட்டுத் தாளில் கிறுக்கிக் கொடுத்த ரசீதுதான். காசு வாங்கிக்கொண்டு ஷூரிட்டி நிற்கிற ஆட்கள் கோர்ட்டு வாசலில் கிடைப்பார்கள். அந்தக் காசுக்கு அவள் மூன்று வீட்டிலும் முன்பணம் கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆக, ஜாமீன் கையில் இருக்கிறது, பையன் ஜெயிலில் இருக்கிறான். வீடு இல்லாதவனுக்குச் சட்டம் தரும் விடுதலையும் வெறும் காகிதம்தான்.

பெங்களூரின் பூகோளம் தானாகவே அங்கதம் எழுதும் இடம் இதுதான். நகரத்துக்குள்ளிருந்து பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறைக்குப் போகிற ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. இந்தியாவிலேயே பேர்பெற்ற மனநல மருத்துவமனை. போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே 1991-லிருந்து தனிப் பிரிவு நடத்துகிற இடம். ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வந்து அதன் வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். பையனைப் பிடித்த அரசாங்கமும் அதே ரோட்டில், அதே ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு சுவரைத் தாண்டி அவனைக் கொண்டுபோகிறது. வண்டி நிற்காது. பக்கத்தில் சிகிச்சை, நேரே ஜெயில். டிரைவருக்கு வந்த உத்தரவு நேரே போகச் சொல்கிறது.

போகிற இடம் லேசுப்பட்டதல்ல. தமிழர்களுக்குப் பரப்பன அக்ரஹாராவைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2017-இல் சின்னம்மா சசிகலாவுக்கு அங்கே தனிச் சமையலறை நடந்தது என்று சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா அறிக்கை கொடுத்து நாடே சிரித்தது. 2021 ஜூலையில் குற்றப் பிரிவு போலீஸார் உள்ளே புகுந்து தேடியபோது கத்திகளோடு கஞ்சாவும் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் கொலை வழக்கில் உள்ளே இருந்த கன்னட நடிகர் தர்ஷன், புல்வெளியில் நாற்காலி போட்டு, கையில் சிகரெட்டும் கப்புமாக உட்கார்ந்திருக்கும் படம் வெளியே வந்தது. இப்படிப்பட்ட ஆசிரமத்துக்குத்தான் கஞ்சாப் பழக்கத்திலிருந்து மீட்பதற்காகப் பையனை அனுப்புகிறோம். நீந்தத் தெரியாதவன் குட்டையில் விழுந்தான், பாவம் என்று தூக்கிக் கடலில் போட்டோம்.

அங்கே அவனுக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு. வெளியே அவனுக்குத் தெரிந்தது பொட்டலம் விற்கிறவனை மட்டும். உள்ளே கிலோவில் விற்கிறவர்கள் அறிமுகமாகிறார்கள். அரசுச் செலவில், மூன்று வேளைச் சாப்பாட்டோடு, தொழில் பயிற்சி. வெளியே வரும்போது அவன் நிஜமாகவே பெட்லர். அப்போது போலீஸ் சொல்லும்: "பாத்தியா, நாங்க அன்னைக்கே சொன்னோம்."

சரி, வேறு வழி சட்டத்தில் இல்லையா? இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். அதே 1985 சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு. 27-ஆம் பிரிவிலோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி, தானே விரும்பி அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவன்மேல் வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் மட்டும் அந்தப் பாதுகாப்பை ரத்து செய்யலாம். 39-ஆம் பிரிவு இன்னொன்று: குற்றம் நிரூபணமான பிறகும்கூட, ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015-இல் ஒரு திட்டமே போட்டது; அதன் தலைப்பில் இந்தப் பையனுக்குப் பேர் 'போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்'. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளை மனநோய் என்றே கணக்கில் எடுத்து, அவர்களுக்கு இடைவழி இல்லங்கள், துணையோடு தங்கும் வீடுகள் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. சிகிச்சை, வீடு இரண்டுக்கும் இந்தியச் சட்டம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டது. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் 'தானே விரும்பி' என்று சட்டம் சொல்கிறதே! பையன் விரும்ப வேண்டும். விரும்ப வேண்டுமானால் இப்படி ஒரு பிரிவு இருப்பது அவனுக்குத் தெரிய வேண்டும். எட்டாவதோடு நின்ற பையன், மருந்து இறங்கி உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த ராத்திரியில், 64-ஏ பிரிவைப் படித்து, கன்னடத்தில் மனு எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் நீட்ட வேண்டும். அவன் நீட்டாத வரைக்கும் அரசாங்கம் மரியாதையோடு காத்திருக்கும். அவன் சிறுநீரை எடுக்க மட்டும் அவன் விருப்பத்துக்காக அது காத்திருக்கவில்லை.

அப்படியே மனு கொடுத்தாலும் படுக்கை வேண்டுமே. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையான 20 பேரில் ஒருவர்தான் எப்போதாவது உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. மிச்சப் பத்தொன்பது பேருக்கு என்ன ஏற்பாடு? ஏற்பாடு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய போதையில்லா பாரத இயக்கத்தில் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, தாங்கள் இதுவரை தொடாத ஒன்றை இனிமேலும் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். ஆன்லைனில் உறுதிமொழி எடுத்தால் சான்றிதழும் உண்டு. ஜூன் 26 வந்தால் பிடித்த சரக்கை உலையில் போட்டு எரித்து மந்திரிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எரிப்பதற்குச் சரக்கு, சத்தியத்துக்குப் பிள்ளைகள், எண்ணிக்கைக்கு நீலசந்திரா. படுக்கை மட்டும் யாருடைய போட்டோவிலும் வரவில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம். வீடு என்றதும் பக்கத்து ஈஜிபுராவை நினைக்காமல் இருக்க முடியுமா? ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குடியிருப்பு அங்கே இருந்தது. கட்டிய லட்சணத்தில் கட்டடமே இடிந்து விழ ஆரம்பித்தது. வீடிழந்த குடும்பங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தன. மாநகராட்சி அந்த நிலத்தைத் தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்தது: ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் மால். 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. சுமார் 1,500 குடும்பங்களின் கொட்டகைகள், பொங்கல் முடிந்த அதே வாரத்தில், போலீஸ் காவலோடு நொறுக்கப்பட்டன. அழுத பெண்களையும் தடுக்க வந்தவர்களையும் வண்டியில் ஏற்றினார்கள். சிலரை சர்ஜாபூர் ரோடு தாண்டி சூலிகுண்டேவுக்குப் போகச் சொன்னார்கள். வேலை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, வீடு மட்டும் அங்கே. அன்றைக்குப் பத்து வயதில் புஸ்தகப் பையோடு ரோட்டில் நின்ற பிள்ளைகளுக்கு இன்றைக்கு இருபது தாண்டிவிட்டது. அவர்களில் யாரையாவது ஹொய்சளா டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது, 'இவனுங்க எங்கேருந்து வரானுங்க' என்று அரசாங்கம் தலையைச் சொறிந்துகொள்கிறது. நீங்கள் அனுப்பிய இடத்திலிருந்துதான் வருகிறார்கள்.

பாலத்துக்கு அடியில் படுத்துக்கொள்ளலாமே என்றால், அதிலும் அரசாங்கம் கைவிட்டது. ஈஜிபுரா மேம்பாலத்தை 2017-இல் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் தூண்கள் மட்டும் மொட்டையாக நின்றன. வீடற்றவனுக்கு நிழல் தருவதற்குக்கூட மேலே தளம் போட்டிருக்க வேண்டும் அல்லவா? நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இருப்பிடம் என்ற கணக்கில், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் விடுதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. பெங்களூரின் ஜனத்தொகை கோடியைத் தாண்டி எத்தனையோ நாளாகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் தாராளமாகப் போதும்.

திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவனுக்கு அரசாங்கத்தின் வீட்டு வசதித் திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் பேர் 'கடிபாரு'. கர்நாடகப் போலீஸ் சட்டத்தின் கீழ் ஆளை ஊரை விட்டே, மாவட்டத்தை விட்டே கொஞ்ச காலத்துக்கு வெளியேற்றிவிடலாம். வேறு மாவட்டத்துக்குப் போ. அங்கே உனக்கு அம்மா இல்லை, வேலை இல்லை, ஆஸ்பத்திரி சீட்டு இல்லை. போய்த் திருந்து. அதுவும் போதாதென்றால் குண்டர் சட்டம் இருக்கிறது. 1985-ஆம் வருட அந்தக் கர்நாடகச் சட்டத்தின் நீளமான தலைப்பில் கள்ளச்சாராயக்காரருக்கு அடுத்தபடியாகப் போதைக் குற்றவாளியும் இருக்கிறார். விசாரணை இல்லாமலே உள்ளே. ஒரு மனிதனுக்கு இடம் ஒதுக்க இவ்வளவு சட்டங்களைத் தேடிப் பிடித்த அரசாங்கத்துக்கு, ஜன்னல் வைத்த ஒரு ரூம் மட்டும் எந்தச் சட்டத்திலும் கண்ணில் படவில்லை.

கருணை இல்லாத அரசாங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கருணை உண்டு. ஆள் பார்த்து வரும். 2021 அக்டோபரில் பம்பாய்க் கப்பல் சோதனையில் ஷாருக் கானின் மகனைப் பிடித்தார்கள். அவனிடம் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தான். அடுத்த மே மாதம் குற்றப்பத்திரிகையில் பேரே இல்லாமல் விடுவிக்கப்பட்டான். அநியாயம்தான். ஆனால் அதே அக்டோபரில் தில்லிக்கு ஞானோதயம் வந்ததைக் கவனியுங்கள். சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்த வேண்டாம், ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று சமூக நீதி அமைச்சகம் பரிந்துரைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. முப்பத்தைந்து வருடமாக நீலசந்திராக்கள் கதறியது கேட்காத காதில், ஷாருக்கின் ஒரே ஒரு மன்னத் பங்களாவின் முனகல் கேட்டுவிட்டது. போகட்டும், நமக்கும் சேர்த்து விடியுமே என்று காத்திருந்தோம். டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் பார்லிமென்டுக்கு வந்தேவிட்டது. எதைத் திருத்தினார்கள் தெரியுமா? 2014-இல் ஒரு உட்பிரிவின் எண்ணை மாற்றியவர்கள் 27-ஏ பிரிவில் பழைய எண்ணையே விட்டுவிட்டார்களாம். திரிபுரா உயர் நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியதாம். அந்த எண்ணைத் திருத்தினார்கள், 2014-லிருந்து செல்லும்படியாக. இரண்டு அவைகளும் கூடி விவாதித்து எழுத்துப் பிழையைச் சரி செய்தன. மனிதர்கள் விஷயத்தில் நடந்த பிழை அப்படியே இருக்கிறது.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை. 2022 ஜனவரியில் கர்நாடக முதலமைச்சர் வீட்டுப் பாதுகாப்புப் பணியில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கஞ்சா விற்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். இருவரும் நம் கோரமங்களா ஸ்டேஷன் ஆட்கள். முதலமைச்சர் வீட்டு வாசல் வரைக்கும் சரக்கு போகும். நிம்ஹான்ஸ் வாசல் வரைக்கும் பையனைக் கொண்டுபோகத்தான் வண்டி கிடைக்காது.

பெயின்டர் அப்பாவை ஏன் யாரும் பிடிப்பதில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? அவர் வரி கட்டுகிறார். 2025-26 பட்ஜெட்டில் கர்நாடகக் கலால் துறைக்கு வைத்த இலக்கு 40,000 கோடி ரூபாய். ஓசூரைத் தாண்டினால் டாஸ்மாக் 2024-25-இல் 48,000 கோடிக்கு மேல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. குடிகாரன் குவார்ட்டர் குவார்ட்டராக மாநிலத்தைக் கட்டியெழுப்புகிறான். அவனுக்கு இலக்கு வைக்கிறார்கள். கஞ்சாக்காரன் கஜானாவுக்குக் காலணா தருவதில்லை. அவனுக்குக் கேஸ் வைக்கிறார்கள். அதே செடியின் இலையை அரைத்து பாங்காகக் குடித்தால் இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றமே ஒரு ஜாமீன் உத்தரவில் சொன்னது. பையன் செய்த தப்பு அம்மியில் அரைக்காததுதான்.

இதைப் படிக்கும் நீலசந்திராக்காரர் ஒருவர் இந்நேரம் கொதித்துக்கொண்டிருப்பார். "என் போனைப் பிடுங்கிட்டு ஓடினவனுக்கு வீடா? நான் இருபது வருஷமா ஸ்லம் போர்டுக்கு மனு கொடுத்துக் காத்திருக்கேன். கஞ்சா அடிச்சாத்தான் வீடு கிடைக்குமா?" நியாயமான கேள்வி, நியாயமான கோபம். அவருக்கு என் பதில்: உங்களுக்கு வர வேண்டிய வீட்டை அந்தப் பையன் எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்துக்கொண்டவர்களைத் தேட வேண்டிய இடம் சந்து முனை இல்லை, ஈஜிபுரா. இரண்டாவது, அவனை நான்கு முறை ஜெயிலுக்கு அனுப்பியாகிவிட்டது. உங்கள் போன் பத்திரமாக இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கெட்டவனாக, கூடுதல் கடனோடு, அதே சந்துக்குத்தான் திரும்பி வருகிறான். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன், அவனை வேறு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

வேறு ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2011-இல் ஒரு ஏற்பாடு. சின்ன அளவோடு திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவனைப் போலீஸ்காரரே, கேஸ் எழுதுவதற்கு முன்னால், ஒரு சமூகப் பணியாளர் கையில் ஒப்படைத்துவிடுவார். அவர் முதலில் படுக்க இடம் பார்ப்பார், பிறகு மருந்து, பிறகு அடையாள அட்டை, வேலை. பழக்கத்தை விட்டுவிட்டு வா, அப்புறம் வீடு தருகிறேன் என்ற நிபந்தனை இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், வழக்கமான பாதையில் போனவர்களைவிட இவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லாம் இனித்தது என்று சொல்லவில்லை. பக்கத்து ஆரிகன் மாநிலம் 2020-இல் வாக்கெடுப்பு நடத்திச் சிறிய அளவுக்குச் சிறைத் தண்டனையை நீக்கியது. ஆனால் சிகிச்சை இடங்களை நேரத்துக்கு ஏற்படுத்தவில்லை. தெருவில் ஜனங்கள் வெறுத்துப்போய் 2024-இல் தண்டனை திரும்பி வந்தது. ஜெயில் கதவைத் திறப்பது பாதி வேலைதான். அவன் நுழைய இன்னொரு கதவு இருக்க வேண்டும்.

நம் நாட்டில் முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2025-இல் பஞ்சாப் அரசு நடத்திய போதை ஒழிப்புப் போரில், இதே 64-ஏ பிரிவை எடுத்துச் சிறிய அளவோடு பிடிபட்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அதே போரில், கடத்தல்காரன் வீடு என்று சொல்லி வீடுகளைப் புல்டோசரால் இடித்தும் தள்ளினார்கள். ஒரு கையில் மருந்துச் சீட்டு, மறு கையில் புல்டோசர் சாவி. நமக்கு அந்த முதல் கை போதும். இரண்டாவது கையை ஈஜிபுராவிலேயே பார்த்துவிட்டோம்.

வஞ்சப் புகழ்ச்சி போதும். நேராகவே கேட்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் கன்னடம், தமிழ், உருதில் 64-ஏ பிரிவை எழுதிப்போட எத்தனை டப்பா பெயின்ட் ஆகும்? முதல் நாளே மாஜிஸ்திரேட் முன்னால் அந்த மனுவை நீட்ட ஓர் இலவச வக்கீலை நிறுத்த என்ன தடை? சிகிச்சை முடிந்து வருகிறவன் அதே சந்துக்கு, அதே கடன்காரனிடம் போய் விழாமல் இருக்க, 2017-ஆம் வருடச் சட்டம் சொன்ன அந்த இடைவழி இல்லத்தை இந்தப் பக்கத்தில் ஏன் ஒன்றுகூடத் திறக்கவில்லை? மேம்பாலம், மால், மெட்ரோ எல்லாவற்றுக்கும் நிலம் கிடைக்கிற ஊரில், இருபது கட்டில் போட ஓர் இடம் கிடைக்காது என்று யாரும் என்னிடம் கதை விட வேண்டாம்.

நாற்பது வருடமாக அதே ஆளைப் பிடித்து, அதே இடத்துக்கு அனுப்பி, அதே சந்தில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஏமாந்த முகத்தோடு நிற்கிறது அரசாங்கம். திரும்பத் திரும்ப அதே குற்றம் செய்து, எந்தத் தண்டனைக்கும் திருந்தாத பேர்வழிக்கு ரவுடி ஷீட் திறப்பது வழக்கம் என்றால், முதல் ஷீட் விதான சௌதாவின் பேரில் திறக்கப்பட வேண்டும்.

நீலசந்திராத் தாய்மார்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளையை வண்டியில் ஏற்றினால் ஷூரிட்டிக்காரனைத் தேடி ஓடுவதற்கு முன்னால் சட்ட உதவிக்கு 15100, போதை மீட்புக்கு 14446 என்ற எண்களில் கூப்பிடுங்கள். கோர்ட்டில் வக்கீலிடம் "64-ஏ மனு போடுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் தூக்கிக் கொடுக்கும் தானமில்லை, பார்லிமென்ட் எழுதிக் கொடுத்த உரிமை அது. கேட்டு வாங்குங்கள்.